கோல் கம்பம் துளிர்க்கும் நாடு

பிரதமரின் பெயரில் கிண்ணம். பிரதமரின் மகன் விளையாட்டுத்துறை அமைச்சர். ஆட்டம் தலைநகரில். எதிரே நிற்பதோ ஏறக்குறைய ஒரு இலட்சம் பேர் வாழும் ஒரு தீவுக்கூட்டம். ஓர் அணி வெல்வதற்கு இதற்கு மேல் என்ன வசதி செய்து கொடுக்க முடியும்? 2021 நவம்பரில் கொழும்பு ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நடந்த பிரதமர் மஹிந்த ராஜபக்ஷ கிண்ண இறுதியாட்டத்தில் இலங்கையும் சீஷெல்ஸும் 3–3 என்று சமநிலையில் நின்றன. பிறகு பெனல்டி. பிறகு கிண்ணம் சீஷெல்ஸுக்குப் பறந்துவிட்டது. அந்த ஆண்டு எங்கள் விவசாயிக்கு உரம் கிடைக்கவில்லை, சீஷெல்ஸுக்குக் கிண்ணம் கிடைத்தது. கிண்ணத்தில் பெயர் பொறித்துக்கொண்டவர் ஆறு மாதம் முடியுமுன், 2022 மே 9ஆம் திகதி, பதவியை விட்டு இறங்கினார். கிண்ணம் மட்டும் யார் வீட்டு அலமாரியிலோ இன்னும் பதவியில் இருக்கிறது.

கணக்கில் ஆர்வமுள்ளவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 2012 குடிசன மதிப்பீட்டின்படி எங்கள் மாத்தளை மாவட்டத்தின் சனத்தொகை 484,531. சீஷெல்ஸ் மக்கள் அத்தனை பேரையும் கப்பலில் ஏற்றி இங்கே கொண்டுவந்து குடிவைத்தாலும் மாவட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் நிரம்பும். அந்த நாட்டில் லா டீக் என்றொரு தீவு. மூவாயிரம் பேர் அளவில் வாழ்கிறார்கள். எங்கள் பக்கம் என்றால் இரண்டு மூன்று தோட்டத்து ஆட்கள். அந்த மூவாயிரம் பேருக்கு 'லா பாஸ்' என்று ஒரு கழகம் இருக்கிறது. அது நாட்டின் முதல்தர லீக்கில் ஆடுகிறது. பலமுறை பட்டமும் வென்றிருக்கிறது. கொழும்புக்கு வந்து எங்கள் கிண்ணத்தைத் தூக்கிப் போனவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பாவில் கோடிகளில் புரளும் நட்சத்திரங்கள் அல்லர். தங்கள் தீவின் லீக்கில், தங்கள் ஊர்க் கழகத்துக்கு ஆடுகிற பையன்கள்.

ஆபிரிக்கா என்றதும் எங்கள் மேடைப் பேச்சாளருக்குப் பஞ்சம்தான் நினைவுக்கு வரும். 2022இல் கேஸ் வரிசையில் நின்றபோதுகூட, 'இப்படியே போனால் சோமாலியா ஆகிவிடுவோம்' என்று சொல்லித்தான் பயந்தோம். நாங்கள் இரக்கப்பட்டுக்கொண்டிருந்த அந்தக் கண்டம் இடைப்பட்ட காலத்தில் என்ன செய்தது தெரியுமா? சொந்த நாட்டு லீக்கில் ஆடுகிறவர்களுக்கென்றே ஒரு கண்டப் போட்டியை உருவாக்கிவிட்டது. சுருக்கமாகச் 'சான்' என்பார்கள். முதல் போட்டி 2009இல் ஐவரி கோஸ்டில் நடந்தது. விதி ஒன்றே ஒன்றுதான்: எந்த நாட்டுக்கு ஆடுகிறாயோ, அந்த நாட்டின் லீக்கில் நீ ஆட வேண்டும். முகமது சலா வந்து நின்றாலும் வாசலோடு அனுப்பிவிடுவார்கள். கெய்ரோவில் பஸ் பிடித்துப் பயிற்சிக்குப் போகிற பையன் உள்ளே போவான்.

இது ஏதோ ஆறுதல் பரிசுப் போட்டி என்று நினைத்துவிடாதீர்கள். 2014ஆம் ஆண்டுப் போட்டியிலிருந்து இந்த ஆட்டங்கள் பீபா தரவரிசைக் கணக்கில் சேர்கின்றன. 2022 பெப்ரவரியில் ஐரோப்பாவில் ஆடும் நட்சத்திரங்களை வைத்து ஆபிரிக்கக் கிண்ணத்தை வென்றது செனகல். ஒரு வருடம் கழித்து, உள்ளூர் லீக்கில் ஆடும் பையன்களை வைத்து 'சான்' கிண்ணத்தையும் வென்றது. ஒரே நாட்டில் இரண்டு அணிகள், இரண்டும் கண்டத்தின் சம்பியன்கள். எங்களுக்கு ஒரே அணி. அதற்கே ஆள் தேடி விமானம் ஏற வேண்டியிருக்கிறது.

லிபியாவின் கதை இன்னும் கேவலம், எங்களுக்கு. 2011இல் புரட்சி, குண்டு, கடாபியின் வீழ்ச்சி. நாட்டில் லீக் நின்றுபோனது. 2013இல் மறுபடி தொடங்கினார்கள். 2014 பெப்ரவரியில் தென்னாபிரிக்காவில், கால் இறுதி, அரை இறுதி, இறுதி என்று மூன்று ஆட்டங்களையும் பெனல்டியில் வென்று லிபியாவின் உள்ளூர்ப் பையன்கள் கிண்ணத்தைத் தூக்கினார்கள். உள்நாட்டுப் போரில் லீக்கை நிறுத்தியவர்கள் அவர்கள். எங்களுக்கு லீக்கை நிறுத்தப் போர் தேவைப்படவில்லை. நிர்வாகம் ஒன்றே போதுமானதாக இருந்தது.

மடகஸ்கார் எங்களைப் போலவே இந்து சமுத்திரத்துத் தீவு. எங்களைப் போலவே கையில் காசில்லாத நாடு. 2023இல் 'சான்' போட்டியில் மூன்றாம் இடம் பிடித்தது. 2025 ஓகஸ்டில் நைரோபியில் நடந்த இறுதியாட்டம் வரை போய், மொரோக்கோவிடம் 3–2 என்று தோற்றது. காசில்லை என்ற சாக்கு கடலைத் தாண்டியதும் செல்லுபடியாகாமல் போகிறது, பாருங்கள்.

அப்படியானால் நாங்களும் ஓர் உள்ளூர் வீரர் அணியை அமைத்தால் என்ன? நல்ல யோசனை. ஒரேயொரு சிக்கல். உள்ளூர் லீக் வீரன் என்று ஒருவன் இருக்க வேண்டுமென்றால், முதலில் உள்ளூரில் லீக் இருக்க வேண்டும். 2021இல் 'சூப்பர் லீக்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். நாட்டின் முதல் தொழில்முறை லீக் என்றார்கள். பத்துக் கழகங்கள். புளூ ஸ்டார் பட்டம் வென்றது. பத்தில் வடக்கிலிருந்து ஒரு கழகம் இல்லை. கிழக்கிலிருந்து இல்லை. மாத்தளையிலிருந்து இல்லவே இல்லை. மலைநாட்டுக்கென்று நாவலப்பிட்டியின் அப் கன்ட்ரி லயன்ஸ் மட்டும். சரி, அடுத்த பருவத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று எங்கள் பையன்கள் காத்திருந்தார்கள். அடுத்த பருவமே வரவில்லை. உலை வைக்காமலே இலை போட்டு, விருந்தாளிகளை வரவேற்று, கைகழுவத் தண்ணீரும் ஊற்றிவிட்ட வீடு இது. சோறு எங்கே என்று கேட்கிறவன்தான் நாகரிகம் தெரியாதவன்.

நல்ல ஆட்டக்காரன் என்ன செய்வான்? கொஞ்சம் அதிர்ஷ்டமிருந்தால் இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் என்று ஏதாவது ஓர் அணியில் சேர்வான். சம்பளம் சீருடைக்கு, ஆட்டம் இனாம். மலையகத்துத் தமிழ்ப் பையனுக்கு அந்த வாசல் எவ்வளவு அகலம் என்பதை நான் இங்கே அளந்து காட்ட வேண்டியதில்லை.

இனி மாத்தளைக்கு வருவோம். இந்த மாவட்டத்தில் மைதானம் கட்ட முடியாது என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. தம்புள்ளையில் ரங்கிரி விகாரையிடம் குத்தகைக்கு எடுத்த அறுபது ஏக்கரில் சர்வதேசக் கிரிக்கெட் மைதானம் எழுந்தது. கட்டி முடிக்க எத்தனை நாள்? 167. 2001 மார்ச்சில் இங்கிலாந்து அணி வந்து ஆடியும் விட்டது. 167 நாளில் பிரதேச சபையில் ஒரு தெருவிளக்கைக்கூட மாற்ற வைக்க முடியாது என்பது சபைக்கு நடையாய் நடந்தவர்களுக்குத் தெரியும். மனம் வைத்தால் எப்படி முடிகிறது பாருங்கள்! அந்த மனம் கிரிக்கெட்டுக்கு 167 நாளில் வந்தது. அதே மாவட்டத்து உதைபந்துக்கு எத்தனை ஆண்டில் வரும் என்று கேட்டால், பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சொல்கிறோம் என்கிறார்கள்.

ரத்தோட்டை, எல்கடுவ, உக்குவளை, கந்தேநுவர பக்கத்துத் தோட்டங்களுக்கு ஒரு பின்னேரம் போய்ப் பாருங்கள். மைதானம் என்று சொல்லப்படும் இடம் ஒரு பக்கம் சரிந்திருக்கும். முதல் பாதியில் மேட்டிலிருந்து ஆடுகிற அணி, இரண்டாம் பாதியில் பள்ளத்திலிருந்து ஆடும். இதுதான் எங்கள் ஊர்ச் சமநீதி. பந்து எல்லையைத் தாண்டினால் தேயிலைக்குள் போகும். தேயிலையைத் தாண்டினால் கானுக்குள் போகும். அதனால் கீழ்ப்பக்கம் எப்போதும் ஒரு சின்னப் பையன் நிற்பான். அவன் எந்த அணியிலும் இல்லை, பந்து பொறுக்குகிறவன். கோல் கம்பங்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள். மிளகுக்கொடிக்கு ஊன்றும் கிளிசிரியாக் கம்புதான் நட்டிருக்கும். கிளிசிரியா லேசில் சாகாது, எங்கே நட்டாலும் துளிர்க்கும். ஒரு மழைக்காலம் போனால் கோல் கம்பத்தின் தலையில் இலை விட்டிருக்கும். கோல்காப்பாளன் ஆட்டத்துக்கு முன்னால் கத்தியோடு வந்து தன் கோலைக் கவ்வாத்துப் பண்ண வேண்டும். உலகத்தில் வேறெந்த நாட்டுக் கோல்காப்பாளனுக்கும் இந்தப் பயிற்சி கிடையாது. எங்கள் உதைபந்தாட்டத்தில் வளர்ச்சி இல்லை என்று யார் சொன்னது? கோல் கம்பமே வளர்கிறது!

அந்த மைதானமும் பையன்களுக்குச் சொந்தமில்லை. லயத்து மண்ணே சொந்தமில்லாதவனுக்கு மைதானம் எங்கிருந்து சொந்தமாகும்? போட்டி வைக்க வேண்டுமா, துரையிடம் கடிதம் கொடு. துரைக்கு நல்ல மனசு இருந்தால் அனுமதி. கம்பனி அந்த இடத்தில் கறுவா நட முடிவு செய்துவிட்டால் அந்த லீக்கும் முடிந்தது.

அம்மா கொழுந்து பறித்து வந்த காசில் மகனுக்குப் பூட்ஸ். 1,700 ரூபா என்று 2024இல் வர்த்தமானியில் அச்சடித்து, கம்பனிகள் நீதிமன்றம் போய், அந்த ஆண்டே அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவில் வந்து நின்ற கூலி அது. பல நாள் கொழுந்து ஒரு சோடி பூட்ஸ் ஆகும். ஆகவே ஒரு பூட்ஸை இரண்டு பேர் பகிர்ந்துகொள்கிறார்கள். வலதுகாலால் அடிப்பவனுக்கு வலது, இடதுகாலால் அடிப்பவனுக்கு இடது. இதைப் பார்த்து யாராவது சிரித்தால் அவர் கொழும்பிலிருந்து வந்தவர் என்று அர்த்தம்.

'உள்நாட்டு வீரன்' என்று ஆபிரிக்கா சொல்வதில் மலையகத் தமிழனுக்கு இன்னொரு கஷ்டமும் இருக்கிறது. அவன் உள்நாட்டானா என்று தீர்மானிக்கவே இந்த நாட்டுக்கு ஐம்பத்தைந்து வருடம் பிடித்தது. 1948இல் பிரஜாவுரிமையைப் பறித்தார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஆட்களைத் தலையெண்ணிப் பங்கு பிரித்தார்கள். எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003இல். ஆபிரிக்காவில் உள்நாட்டு வீரன் என்று நிரூபிக்கக் கழகப் பதிவுத் துண்டு போதும். இங்கே பாட்டனின் பிறப்புச் சான்றிதழைக் கேட்டார்கள்.

2023 ஓகஸ்ட் 12ஆம் திகதி, மலையக மக்களின் இருநூறாண்டு வரலாற்றைச் சொல்லும் நடைபயணம் தலைமன்னாரிலிருந்து நடந்து வந்து மாத்தளையில் முடிந்தது. பாட்டனும் பூட்டனும் காட்டுவழியில் செத்துச் செத்து வந்த பாதையை வெயிலில் நடந்து காட்டினார்கள். 'நாங்களும் இந்த நாடுதான்' என்பதே அவர்கள் சொன்ன சேதி. அன்றைய திகதியில் அந்த நாடு எங்கே இருந்தது தெரியுமா? உலக உதைபந்தாட்டத்திலிருந்து வெளியே. 2023 ஜனவரி 21 முதல் பீபா இலங்கையை இடைநிறுத்தி வைத்திருந்தது. உதைபந்தாட்டச் சம்மேளனத்தில் தலையீடு, தேர்தல் தகராறு, ஒழுங்குவிதிச் சண்டை. ஓகஸ்ட் கடைசியில்தான் கதவைத் திறந்தார்கள். தேர்தலை மறுபடி செப்டெம்பரில் வைத்து, முன்பு தலைவராக இருந்தவரையே மறுபடி தேர்ந்தெடுத்தார்கள். எட்டு மாதம் ஓடி ஓடி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்த அந்த ஓட்டத்துக்குத் தடகளத்தில் ஒரு பதக்கம் கொடுத்திருக்கலாம்.

இந்தச் சண்டையின் விலையை யார் கொடுத்தார்கள்? கதிரையில் இருந்தவர்கள் இல்லை. 2023இல் பெங்களூரில் தெற்காசியச் சம்பியன்ஷிப் நடந்தது. இலங்கை போக முடியவில்லை. 1995இல் கொழும்பில் இந்தியாவைத் தோற்கடித்து இதே தெற்காசியப் பட்டத்தை வென்ற நாடு இது. எங்கள் பையன்கள் வீட்டில் இருந்தார்கள். தெற்காசியாவில் இல்லாத லெபனானும் குவைத்தும் விருந்தாளிகளாக வந்து ஆடின. உலகத்தில் 211 நாடுகள் பீபாவில் இருக்கின்றன. அந்த நாட்களில் எங்கள் இடம் 207. எங்களுக்குக் கீழே நான்கே நாடுகள். அந்த நான்கைப் பார்த்தாவது ஆறுதல் அடையலாம் என்றால், அவற்றில் ஒன்றும் 2 கோடிக்கு மேல் மக்களுள்ள நாடில்லை.

உதைபந்தில் மட்டும்தான் சிவப்பு அட்டை என்று கிரிக்கெட்காரர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதே 2023 நவம்பரில் கிரிக்கெட் சபையை அப்போதைய விளையாட்டுத்துறை அமைச்சர் கலைத்தார். நான்கே நாளில் சர்வதேசக் கிரிக்கெட் சபை இலங்கையை இடைநிறுத்தியது. இங்கே நடக்கவிருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் எங்கே போனது? தென்னாபிரிக்காவுக்கு. ஆபிரிக்காவைப் பார்த்து இரக்கப்பட்டவர்களே, கேட்டீர்களா? ஒரே ஆண்டில் இரண்டு விளையாட்டுகளில் உலகத்தால் வெளியே தள்ளப்பட்ட சாதனை எங்களுடையது. இதற்காக ஏன் இன்னும் ஒரு முத்திரை வெளியிடவில்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

இதற்கெல்லாம் அடிப்படைச் சட்டம் ஒன்று உண்டு: 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம். நாட்டின் பெயரில் ஓர் அணி வெளியே போக வேண்டுமென்றால் அமைச்சரின் சம்மதம் வேண்டும். 2017 டிசம்பரில் இந்தியாவுக்குப் புறப்பட்டு விமான நிலையம் வரை போய்விட்ட ஒன்பது கிரிக்கெட் வீரர்களை, முன்கூட்டியே அனுமதி கேட்கவில்லை என்று அமைச்சர் திருப்பி அழைத்தார். பூனைக்குட்டியைக் கூடையில் வைத்துத் தூக்கிப் போவதென்றாலும் துரையிடம் சொல்லிவிட்டுப் போன காலத்துப் பழக்கம் நாட்டுக்கே சட்டமாகியிருக்கிறது. வீரனை வளர்க்கக் கையொப்பம் தேவையில்லை, ஏனென்றால் வளர்ப்பவரே இல்லை. வெளியே போகத்தான் கையொப்பம்.

ஆகவே ஆபிரிக்காவைப் பின்பற்றி நாங்களும் ஒரு 'சான்' தொடங்கலாம் என்பது என் பணிவான யோசனை. வீரர்களுக்கு இல்லை, நிர்வாகிகளுக்கு. விதிகள் எளிமையானவை. ஒன்று, பங்குபற்றுகிறவர் வேலை செய்ததற்கான எந்தத் தடயமும் அவரிடம் இருக்கக் கூடாது. இரண்டு, அவரது வெளிநாட்டுப் பயணங்கள் அணியின் வெளிநாட்டுப் பயணங்களைவிட அதிகமாக இருக்க வேண்டும். மூன்று, தேர்தலில் தோற்றால் நீதிமன்றம், வென்றாலும் நீதிமன்றம். நான்கு, பந்தைக் காலால் தொட்டால் தப்பு, கையால் மட்டுமே தொடலாம். அதுவும் புகைப்படத்துக்கு. இந்தப் போட்டியில் செனகல், மொரோக்கோ யாரும் எங்களை நெருங்க முடியாது. இரண்டாம் இடத்துக்குத்தான் அவர்கள் அடித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

தேர்தல் வந்தால் இந்த நிர்வாகத்தின் உள்ளூர்க் கிளை தோட்டத்துக்கே வந்துவிடும். ஒரு பந்து, இருபது ஜேர்சி, அறுபது பையன்கள். ஜேர்சியின் முதுகில் இலக்கம் சின்னதாக, நெஞ்சில் தந்தவரின் படம் பெரிதாக. பந்தை உதைத்துத் தொடக்கிவைக்க வந்தவர் மைக்கைப் பிடித்தால் விடமாட்டார். பின்னால் நிற்கிற ஒரு பையன் தைரியம் வந்து கேட்கிறான் என்று வையுங்கள்:

"சேர், மாவட்ட லீக் எப்ப சேர் தொடங்கும்?"

"தம்பி, முதல்ல நீங்க எல்லாரும் ஒற்றுமையா இருக்கணும்."

"நாங்க ஒற்றுமையாத்தான் இருக்கோம் சேர். இருபது ஜேர்சிய அறுபது பேர் போடுறோம்."

மேடையில் ஒரு சிரிப்பு. அடுத்த நிகழ்ச்சி பொன்னாடை.

அந்தப் பையன் அடுத்த வருடம் மைதானத்தில் இருக்க மாட்டான். கொழும்பில் புறக்கோட்டைக் கடையொன்றில் மூட்டை தூக்கிக்கொண்டிருப்பான், அல்லது வளைகுடாவில் ஏதோவொரு கட்டடத்தின் உச்சியில் நிற்பான். எங்கள் ஆட்டக்காரர்களும் வெளிநாட்டில்தான் இருக்கிறார்கள், ஐயா! பந்து மட்டும்தான் அவர்கள் காலில் இல்லை.

இப்போது தேசிய அணி கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறது. உண்மையை மறைக்கக் கூடாது. 2024 செப்டெம்பரில் கம்போடியாவைப் பெனல்டியில் வென்றார்கள். 2025 ஜூனில் சைனீஸ் தாய்ப்பேயை 3–1 என்று தோற்கடித்தார்கள். ஜேர்மனியில் பிறந்த வசீம் ராசிக், லண்டனில் பிறந்த டில்லன் டி சில்வா போன்றவர்கள் வந்து ஆடத் தொடங்கிய பிறகு கிடைத்த நிமிர்வு இது. அந்தப் பையன்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அப்பா அம்மா விட்டுப்போன நாட்டுக்காக வந்து வியர்வை சிந்துகிறவர்களை இரு கை நீட்டி வரவேற்க வேண்டும். கோபம் அவர்களைக் காட்டிக் கைதட்டல் வாங்குகிறவர்கள் மேல். ஆடக் கற்றுக்கொடுத்தது லண்டன். பூட்ஸ் வாங்கிக்கொடுத்தது ஜேர்மனி. நாங்கள் செய்தது கடவுச்சீட்டு அச்சடித்தது. அதற்கே ஊடகச் சந்திப்பு.

வெளியில் பிறந்த பிள்ளைகளை அழைப்பதில் கேப் வேர்ட் நாட்டை யாரும் மிஞ்ச முடியாது. 2021இல் அங்கே எண்ணிய தலைகள் ஐந்து இலட்சத்துக்கும் கொஞ்சம் குறைவு, ஏறக்குறைய மாத்தளை மாவட்டத்தின் அளவு. போர்த்துக்கல், ஒல்லாந்து என்று உலகெங்கும் சிதறிய தம் பிள்ளைகளை அழைத்து அணி அமைத்தார்கள். 2025 ஒக்டோபரில் எஸ்வாத்தினியை 3–0 என்று வென்று 2026 உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றார்கள். ஆனால் அழைத்ததோடு அவர்கள் நிற்கவில்லை என்பதை எங்கள் நிர்வாகிகள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். கேப் வேர்டில் மக்கள் வாழும் தீவுகள் ஒன்பது. தீவுகளுக்கெல்லாம் சொந்த லீக் இருக்கிறது. அந்தந்த லீக்கில் வென்ற கழகங்கள் சேர்ந்து தேசியப் பட்டத்துக்கு ஆடுகின்றன. வெளியிலிருந்து வருகிறவன் வரட்டும், உள்ளே இருக்கிறவனும் ஆடட்டும் என்பது அவர்கள் கணக்கு. வெளியிலிருந்து வருகிறவன் வந்துவிட்டால் உள்ளே இருக்கிறவன் எதற்கு என்பது எங்கள் கணக்கு.

மாத்தளை மாவட்டத்தில் பதினொரு பிரதேச செயலகப் பிரிவுகள் இருக்கின்றன. பிரிவுக்கு ஓர் அணி என்றாலும் பதினொரு அணிகள். ஒருமுறை ஊரில், ஒருமுறை வெளியூரில் என்று ஒருவரோடொருவர் மோதினால் 110 ஆட்டங்கள். வில்கமுவச் சிங்களப் பையனும் உக்குவளை முஸ்லிம் பையனும் எல்கடுவத் தமிழ்ப் பையனும் ஒரே பந்தின் பின்னால் ஓடுவார்கள். நல்லிணக்கத்துக்கு ஹோட்டல் மண்டபம் எடுத்து, கோழிப் புரியாணி போட்டுக் கருத்தரங்கு வைக்கிறீர்களே, அந்தச் செலவில் பந்து வாங்கலாம், வலை வாங்கலாம், நடுவருக்குக் கூலி கொடுக்கலாம். இதற்கு விமானம் வேண்டாம். அமைச்சரின் கையொப்பமும் வேண்டாம், லக்கலவிலிருந்து ரத்தோட்டைக்குப் போக இன்னும் கடவுச்சீட்டு கேட்கவில்லை. வேண்டியது சமதரை மைதானம், இரும்பில் கோல் கம்பம், அச்சடித்த ஆட்ட அட்டவணை, வெளியில் ஒட்டிய வரவு செலவுக் கணக்கு. இந்த நாலும் இல்லாமல் தேசிய அணியைப் பற்றிப் பேசுகிறவர் எவராக இருந்தாலும் அவர் பொய் சொல்கிறார்.

அடுத்த தேர்தலுக்கும் ஜேர்சி வரும். வாங்கிக்கொள்ளுங்கள், துணி நல்ல துணிதான், உங்கள் வரிப் பணத்தில் தைத்தது. ஆனால் கைகூப்பி வருகிறவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: லீக் எந்தத் திகதியில் தொடங்குகிறது? எத்தனை ஆட்டம்? எந்த மைதானம்? பதிலை வாயால் வாங்காதீர்கள். தாளில் எழுதி, கையொப்பம் போட்டுத் தரச் சொல்லுங்கள். தர மறுக்கிறவருக்கு உங்கள் வாக்கைத் தராதீர்கள்.